விலங்கியல் படிக்கிறேன், கேமராவை விட முடியவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: திருநெல்வேலியில் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விடுமுறை நாட்களில் ஒரு ஸ்டூடியோவுக்காகத் திருமணப் படங்கள் எடுக்கிறேன், ஆல்பமும் வடிவமைக்கிறேன். கல்லூரி விழா போஸ்டர்கள் எல்லாம் என் கைவண்ணம்தான். பட்டப்படிப்பை நிறுத்திவிட்டு விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) சேரலாமா என்று யோசிக்கிறேன். அப்பாவுக்குச் சம்மதமில்லை. அறிவியலையும் வடிவமைப்பையும் புகைப்படத்தையும் சேர்த்து ஒரு தொழிலாக்க வழி உண்டா?

பதில்: உண்டு. படிப்பை நிறுத்த வேண்டாம். அப்பா சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கேமரா பிடிக்கவும் ஃபோட்டோஷாப்பில் வேலை செய்யவும் தெரிந்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமே இல்லை. அந்தக் கூட்டத்தில் இரண்டு ஆண்டு தாமதமாகப் போய் நிற்பதில் உங்களுக்கு என்ன லாபம்? தான் படமெடுக்கும் உயிரினம் எது, அதில் எந்த உறுப்பு தெரிந்தால்தான் அந்தப் படத்துக்குப் பயன் என்று அறிந்தவர்களோ மிகக் குறைவு. அந்த அறிவைக் கல்லூரி உங்களுக்கு இப்போது கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் பகலில் விலங்கியல், மாலையில் திருமண ஆல்பம் என்று இரண்டையும் தனித்தனியே ஓட்டுவதற்குப் பெயர் சேர்த்துச் செய்வதல்ல. இரண்டும் ஒரே வேலைக்குள் வந்தாக வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஊசித்தட்டானைப் படமெடுக்கும் எந்தப் புகைப்படக்காரரும் அதன் கண்ணில்தான் ஃபோகஸ் வைப்பார். படமும் அழகாக வரும். ஆனால் இனத்தை உறுதிசெய்ய வேண்டிய ஆய்வாளர் ஆண் பூச்சியின் வால் நுனியிலுள்ள பற்றுறுப்புகளைத் தேடுவார். படத்தில் அந்த இடம் மங்கலாக இருந்தால் அவருக்கு அது உதவாது. சிறிய பொருட்களை மிக நெருங்கி எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸில், பூச்சியின் உருவம் சென்சாரில் அதன் உண்மை அளவிலேயே விழும் ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில், எஃப்/8 என்ற லென்ஸ் துளை அளவில், தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஆகவே பூச்சியின் உடல் முழுவதும் சென்சாருக்கு இணையாக இருக்கும்படி பக்கவாட்டில் போய் நிற்க வேண்டும். அல்லது ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக்க வேண்டும். எங்கே நிற்பது என்று சொல்வது விலங்கியல், அங்கிருந்து எப்படி எடுப்பது என்று சொல்வது புகைப்படக்கலை. மேக்ரோ லென்ஸ் வாங்கப் பணம் இல்லையென்றால் பழைய 50 மி.மீ. லென்ஸைத் திருப்பிப் பொருத்தும் வளையம் ஒன்று வாங்குங்கள். பழகுவதற்கு அது போதும்.

இந்தப் பாதை நமக்குப் புதிதல்ல. நாவலாசிரியர் மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தபோது அவருக்குத் தாவரவியல் கற்பித்தவர் பி.எஃப். ஃபைசன். பேராசிரியரோடும் அவர் மனைவியோடும் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் களப்பயணம் போன கிருஷ்ணன், நீர்வண்ண ஓவிய நுணுக்கங்களை அந்த அம்மையாரிடம் கற்றுக்கொண்டார். பின்னாளில் கறுப்பு வெள்ளைக் காட்டுயிர்ப் படங்களுக்காகப் பெயர் பெற்றார். 1950 முதல் 1996இல் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றிய பத்தி எழுதினார். அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் தாவர நூல்களுக்கு ரங்கையா, கோவிந்து என்ற இரு ஓவியர்கள் இங்கே வரைந்துகொண்டிருந்தார்கள். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்கிட் பேரினத்துக்கே வைட் சூட்டினார். வெளிநாட்டிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. ஓவியனாக ஆசைப்பட்டு, மருத்துவரான தந்தையின் பிடிவாதத்தால் மருத்துவம் படித்த ஸ்பெயின்காரர் ரமோன் இ கஹால், நரம்பணுக்களை வரைந்து வரைந்தே அவற்றின் அமைப்பை விளக்கினார். 1906இல் நோபல் பரிசையும் பெற்றார். அப்பாவிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள், இரண்டு தரப்புக்கும் இது உதவும்.

இனி, ஸ்டூடியோவில் பழகிய கை அவசியம் மறக்க வேண்டிய ஒன்று. மணப்பெண்ணின் முகத்தில் இருக்கும் பருவை நீக்கினால் வாடிக்கையாளர் நன்றி சொல்வார். நுண்ணோக்கிப் படத்தில் ஒரு தூசியைக் குளோன் ஸ்டாம்ப் (ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தை மூடும் ஃபோட்டோஷாப் கருவி) வைத்து அழித்தால் அது மோசடிக் குற்றச்சாட்டில் போய் முடியலாம். படம் முழுவதற்கும் சீராக ஒளியையோ கான்ட்ராஸ்ட்டையோ கூட்டிக் குறைப்பதை ஆய்விதழ்கள் பொதுவாக ஏற்கின்றன. ஒரு மூலையை மட்டும் தொடுவதையும், இரு படங்களை ஒட்டிவிட்டு ஒட்டிய இடத்தைக் காட்டாமல் மறைப்பதையும் ஏற்பதில்லை. இது சும்மா பயமுறுத்தல் அல்ல. 2016இல் நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 20,621 ஆய்வுக் கட்டுரைகளை அலசினார்கள். ஏறக்குறைய 4 சதவீதக் கட்டுரைகளில் சிக்கலான படங்கள் இருந்தன. மூலக்கோப்பைத் தொடாமல் தனியே வையுங்கள், செய்த மாற்றங்களை வரிசையாக எழுதி வையுங்கள். இந்த ஒழுங்கு கைவந்த வடிவமைப்பாளரைப் பேராசிரியர்கள் எளிதில் விடமாட்டார்கள்.

உங்கள் துறையின் ஆய்வகத்திலேயே தொடங்கலாம். ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் என்ற கண்ணாடித் தகடு அங்கே அலமாரியில் இருக்கக்கூடும். அதில் 1 மில்லிமீட்டர் தூரம் நூறு பங்காகக் கோடிடப்பட்டிருக்கும். ஸ்லைடைப் படமெடுத்த அதே உருப்பெருக்கத்தில் அந்தத் தகட்டையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் அதை வைத்து அளவைப் பதிந்தால், ஸ்லைடு படத்தில் சரியான அளவுகோல் கோடு போடலாம். '400 மடங்கு' என்று படத்தின் கீழ் எழுதுவது பழைய வழக்கம். படத்தைச் சுருக்கி அச்சிட்டால் அந்த எண் பொய்யாகிவிடும், கோடு படத்தோடு சேர்ந்தே சுருங்கும். பிறகு அதை 89 மி.மீ. அகலத்துக்குள் அமைத்துப் பாருங்கள். நேச்சர் இதழின் ஒற்றைப் பத்தி அகலம் அதுதான். விழா போஸ்டரில் பெரிய எழுத்துகளோடு விளையாடிய உங்களுக்கு, அவ்வளவு சிறிய இடத்தில் நான்கு படங்களையும் ஒரு வரைபடத்தையும் படிக்கும்படி வைப்பது எவ்வளவு கடினம் என்று அப்போது புரியும். சிவப்பையும் பச்சையையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள், அவற்றைப் பிரித்தறிய முடியாத வாசகர்கள் கணிசமாக உண்டு. பச்சைக்குத் துணையாக மெஜந்தா நல்ல தேர்வு. வரைபடங்களுக்கு இங்க்ஸ்கேப் என்ற மென்பொருள் போதும், அதுவும் இலவசம்.

யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்பீர்கள். ஆய்வகங்களுக்குக் கட்டுரைப் படங்களும் மாநாட்டு போஸ்டர்களும் தேவை. இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளுக்குக் களக் கையேடுகள், அருங்காட்சியகங்களுக்கு விளக்கப் பலகைகள், பாடநூல் பதிப்பகங்களுக்கு ஓவியங்கள். ஒளிவுமறைவில்லாமல் சொன்னால், தொடக்கத்தில் இதை மட்டும் நம்பி வாடகை கட்ட முடியாது. திருமண வேலையை விடாதீர்கள். அந்த வருமானம்தான் உங்களை அவசரப்படாமல் நிற்கவைக்கும். காப்பகக் காடுகளில் படமெடுக்க வனத்துறை அனுமதி வேண்டும் என்பதையும், கூடு கட்டியிருக்கும் பறவையை நெருங்கக் கூடாது என்பதையும் உங்கள் படிப்பே சொல்லியிருக்கும்.

மேற்படிப்புக்கு வருவோம். பட்டம் முடித்தபின் எம்.டெஸ். (வடிவமைப்பில் முதுநிலைப் பட்டம்) சேர விரும்பினால் ஐ.ஐ.டி. பாம்பே நடத்தும் சி.இ.இ.டி. என்ற வடிவமைப்புக்கான பொது நுழைவுத் தேர்வு இருக்கிறது. கலை படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. மூன்றாண்டுப் பட்டத்தின் இறுதி ஆண்டில் இருப்பவர்களும் எழுதலாம். வழக்கமாக ஜனவரியில் நடக்கும், அதற்கு முந்தைய அக்டோபரிலேயே விண்ணப்பம் தொடங்கிவிடும். தேர்வு எழுதத் தகுதி உண்டு என்றால் எல்லா ஐ.ஐ.டி.களிலும் சேரத் தகுதி உண்டு என்று பொருளல்ல. சில இடங்களில் நான்காண்டுப் பட்டம் கேட்கிறார்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் அறிவிப்பையும் தனியே படியுங்கள். தேசிய வடிவமைப்பு நிறுவனம் தனித் தேர்வு நடத்துகிறது. அதன் காந்திநகர் வளாகத்தில் புகைப்பட வடிவமைப்பும், பெங்களூரு வளாகத்தில் தகவல் வடிவமைப்பும் உள்ளன. உங்களுக்கு இரண்டாவதுதான் அதிகம் பொருந்தும் என்பது என் கணிப்பு. நேர்காணலுக்கு நூறு அழகான படங்களைக் கொண்டுபோவதைவிட, தாமிரபரணிக் கரையின் தட்டான்களைப் பற்றி நீங்களே எடுத்து, வரைந்து, எழுதிய பதினாறு பக்கக் கையேடு ஒன்றைக் கொண்டுபோங்கள். அதையே மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்ட்டாகச் செய்ய முடியுமா என்று வழிகாட்டும் ஆசிரியரிடம் இந்த மாதமே கேளுங்கள்.

கடைசியாக ஒரு சட்ட விஷயம், இதைப் பலர் கவனிப்பதில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமையாளர் அவர்தான், எடுத்தவர் அல்ல. ஆய்வகமோ அமைப்போ வேலை கொடுத்தால், படங்களை உங்கள் தொகுப்பில் காட்டவும் வேறு இடத்தில் பயன்படுத்தவும் உரிமை உண்டு என்று தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். ஒரு மின்னஞ்சல் ஒப்புதலாவது கையில் இருக்கட்டும். படத்தின் கீழே உங்கள் பெயர் வருமா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.