ஒட்ட வேண்டிய மூலக்கூறுகள் விலகி ஓடினால்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மாணவி எழுதுகிறார்: “தாத்தா பால்மரம் சீவியவர். அதனால் இறுதியாண்டு ஆய்வுக்கு ரப்பரையே எடுத்துக்கொண்டேன். ரப்பரின் அலகாகச் சொல்லப்படும் ஐசோப்ரீன் மூலக்கூறுகள் இரண்டைக் கணினியில், எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து ஆற்றலைக் கணக்கிடும் பி3எல்ஒய்பி முறையில், 6-31ஜி* பேசிஸ் செட்டில் (எலக்ட்ரான்களை விவரிக்கும் கணிதச் சார்புகளின் தொகுப்பு) போட்டேன். நெருக்கி வைத்தாலும் விலகிக்கொண்டே போகின்றன. மடிக்கணினியில் கோளாறா, நான் செய்ததில் கோளாறா?”

இரண்டும் இல்லை, ஓட்டை முறையில் இருக்கிறது. ரப்பர் மாதிரியான ஹைட்ரோகார்பன்களைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் 1930இல் ஃபிரிட்ஸ் லண்டன் விளக்கிய விசை. ஒரு மூலக்கூறின் எலக்ட்ரான் மேகம் கணநேரம் ஒரு பக்கம் சாய, பக்கத்து மேகமும் அதற்கேற்பச் சாய்கிறது. எலக்ட்ரான்களின் இந்த ஒத்தாட்டத்தை பி3எல்ஒய்பி அந்தந்த இடத்து அடர்த்தியை வைத்தே கணக்கிடுகிறது. தள்ளி நடப்பது அதன் கண்ணில் படாது. தண்ணீரைப் போட்டிருந்தால் உங்களுக்குச் சந்தேகமே வந்திருக்காது, ஏனென்றால் அங்கே பிடிப்பு பெரும்பாலும் மின்னூட்டத்தால் வருவது.

விட்டுப்போன இந்த லண்டன் விசையைக் கணக்கில் கூட்டுவதற்கு, வேதியியலாளர் கிரிம்மேயின் குழு 2010இல் கொடுத்த டி3 திருத்தத்தைச் சேருங்கள். உள்ளீட்டில் ஒரே ஒரு சொல், நேரமும் அதிகமாகாது.

அப்புறம் அந்த 6-31ஜி*. அது சின்னது. பற்றாக்குறையில் ஒரு மூலக்கூறு, பக்கத்து லயத்தில் சீனி கடன் வாங்குவதுபோல, மற்றதன் சார்புகளை வாங்கிக்கொள்ளும். ஆற்றல் இறங்கும், இல்லாத ஈர்ப்பு இருப்பதாகத் தெரியும். சில சமயம் இந்தப் பொய் ஈர்ப்பு லண்டன் விசை விட்டுப்போன பள்ளத்தை நிரப்பி, விடை சரியாகவே வந்துவிடும். தவறான விடையைவிட எனக்கு இதில்தான் பயம். டெஃப்2-டிஇசட்விபி (def2-TZVP) என்ற பெரிய பேசிஸ் செட் அளவுக்காவது போங்கள். பாய்ஸ், பெர்னார்டி 1970இல் சொன்ன, இந்தக் கடனைக் கழிக்கும் கவுண்டர்பாய்ஸ் திருத்தத்தையும் செய்யுங்கள்.

சரி, முறை தேறியதா என்று எப்படித் தெரியும்? பென்சீன் ஜோடியில் சோதியுங்கள். இத்துறையின் உரைகல்லான சிசிஎஸ்டி(டி) என்ற துல்லியமான கணக்கு முறை, சற்று நகர்ந்து அடுக்கிய ஜோடிக்கு மோலுக்கு சுமார் 2.7 கிலோகலோரி பிணைப்பாற்றல் தருகிறது. எம்பி2 என்ற எளிய முறை ஏறத்தாழ 5 என்று அள்ளிவிடும், அதை நம்ப வேண்டாம். உரைகல்லிலேயே ரப்பரை உரசலாமே என்றால், மூலக்கூறு இரட்டிப்பானால் வேலை 128 மடங்கு. பசியாறிவிட்டு வருவதற்குள் முடிகிற காரியமில்லை. பெரிய மூலக்கூறுகளில் உரைகல்லுக்கே வழக்கு உண்டு: வளைய மூலக்கூறு ஒன்றுக்குள் அமர்ந்த சி60க்கு (பந்து வடிவக் கார்பன் மூலக்கூறு) அதுவும், தற்செயல் மாதிரிகளை வைத்துக் கணக்கிடும் குவாண்டம் மான்டி கார்லோ முறையும் 7 கிலோகலோரிக்கு மேல் முரண்படுவதாக 2021இல் ஓர் ஆய்வு காட்டியது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐசோப்ரீனில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள். ரப்பர் சங்கிலியில் அலகுக்கு ஒன்றுதான். 2-மெத்தில்-2-பியூட்டீன்தான் பொருத்தமான மாதிரி. கிடைக்கும் எண்ணை வைத்து ரப்பர் ஏன் இழுபடுகிறது என்றும் விளக்கப் போகாதீர்கள். அது பெரும்பாலும் என்ட்ரோபி, அதாவது சங்கிலிகளின் ஒழுங்கின்மை, சார்ந்த சமாச்சாரம். ரப்பர் பேண்டைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள், 1805இல் ஜான் கஃப் உணர்ந்த அதே சூடு தெரியும்.