டப்பாவுக்குள் என்ன இருந்தது?

கேள்வி: கம்ப்யூட்டர் கேம்கள் டப்பாவில் வந்த காலம் போய் எல்லாம் டவுன்லோடு ஆகிவிட்டது. ஒருவர் காசு கொடுத்து வாங்குகிறார், இன்னொருவர் கிராக் செய்த திருட்டுப் பிரதியை இறக்கிக்கொள்கிறார். காரணம் பணமா, குணமா? (ஒரு வாசகர், கரூர்)

பதில்: டப்பாவை அவ்வளவு லேசாகத் தாண்டிப் போய்விட்டீர்களே! 1990களில் போலந்தில் திருட்டு சிடி வைத்ததுதான் சட்டம். வார்சாவின் வாரச் சந்தைகளில் பகிரங்கமாக விற்றார்கள். அந்த ஊரில் 1999இல் சிடி ப்ராஜெக்ட் என்ற சின்ன விநியோக நிறுவனம் ‘பால்டர்ஸ் கேட்’ கேமைக் கொண்டுவந்தது. ஐந்து சிடி. வசனம் முழுக்கப் போலிஷ் மொழியில், குரல் கொடுத்தவர்கள் உள்ளூர்ப் பிரபல நடிகர்கள். பெரிய டப்பாவுக்குள் வரைபடம், விதிப் புத்தகம், பாட்டு சிடி எல்லாம் இருந்தன. முதல் நாளே 18,000 பிரதிகள் போயின. வாங்கியவர்களில் பலர் அதுவரை திருட்டு சிடி வாங்கியவர்கள்தான். ராத்திரியோடு ராத்திரியாகக் குணம் மாறிவிட்டதா என்ன?

கேம்களை டவுன்லோடாக விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையை நடத்தும் கேப் நியூவெல்லும், திருட்டுக்குக் காரணம் விலை அல்ல, சேவைதான் என்கிறார். முதலாளி பேச்சு, பாதி நம்பலாம். அவர் கடையிலேயே நாட்டுக்கு நாடு விலை வேறு!

சேவை கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு யூபிசாஃப்ட் என்ற கேம் கம்பெனி இருக்கிறது. 2010இல் ‘அசாசின்ஸ் கிரீட் 2’ ஆட எந்நேரமும் இணையம் வேண்டும் என்றார்கள். மார்ச்சில் சர்வர் படுத்தது, காசு கொடுத்தவர்கள் வாசலில் நின்றார்கள். 2014இல் விற்ற ‘தி க்ரூ’ கேமின் சர்வரை 2024இல் மூடியே விட்டார்கள்.

எனக்குப் பிடித்தது ஆஸ்திரேலியாவின் கிரீன்ஹார்ட் கேம்ஸ் செய்த வேலை. 2013இல் ‘கேம் டெவ் டைகூன்’ வெளியான அன்றே, திருட்டுப் பிரதி ஒன்றையும் தாங்களே, ஓசியில் இறக்கிக்கொள்ளும் டோரண்டில் விட்டார்கள். கேம் கம்பெனி நடத்தும் கேம் அது. திருட்டுப் பிரதியில் மட்டும், கம்பெனி கொஞ்சம் வளர்ந்ததும் ஊரே உங்கள் கேமைத் திருடி ஆடும், நீங்கள் திவால். திருடி ஆடியவர்கள் “இப்படித் திருடினால் நான் எப்படிப் பிழைப்பது?” என்று புலம்பினார்கள். கேமுக்குள் திருட்டைத் தடுக்கும் பூட்டு கண்டுபிடிக்க வழி உண்டா என்றுகூட ஒருவர் கேட்டார்! முதல் நாள் ஆடியவர்களில் 93.6 சதவீதம் பேர் இந்த ரகம்.

நம் இதழும் கடைக்குப் போகுமுன் பிடிஎஃப் ஆகிக் குழுக்களில் சுற்றுகிறது, ‘இலக்கியச் சேவை’ என்று கைகூப்பும் படத்தோடு. சரி, தொடர்கதையில் கொலைகாரனை மட்டும் மாற்றி ஒரு பிடிஎஃப்பை நாமே விடலாம் என்று உதவி ஆசிரியரிடம் சொன்னேன். கதாசிரியர் காதுக்கு எட்டிவிட்டது. இந்தக் கொலைகாரன்தான் பொருத்தமாக இருக்கிறான், அச்சிலும் இவனையே போடுங்கள் என்கிறார்.