பழைய பேய்ப் படங்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

கே: 1922இல் வந்த ஜெர்மன் மௌனப் படம் ‘நாஸ்பெராட்டு’ பார்த்தேன். பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடக்கும் ரத்தக் காட்டேரி, கடைசியில் வெயில் பட்டுச் சாகிறது. என்ன கூத்து இது?

ப: நீங்கள் பார்த்தது சாயம் போன பிரதி. அன்றைய பிலிமில் இரவுக் காட்சிகளை இரவில் எடுப்பது பெரும்பாடு. இயக்குநர் முர்னாவ் பகலில் எடுத்தார். பிறகு பிரதிக்கு நீலச் சாயம் ஏற்றினார்கள். நீலம் தெரிந்தால் இரவு என்று அன்றைய ரசிகருக்குப் புரியும். வெறும் கறுப்பு வெள்ளையாகப் பிரதி எடுத்தவர்கள் இரவையே துடைத்துவிட்டார்கள். சாயத்தோடு மீட்டெடுத்த பிரதியைப் பாருங்கள், உங்கள் கேள்வியே இருக்காது.

வெயிலில் காட்டேரி சாவது இந்தப் படம் தொடங்கி வைத்த வழக்கம். பிராம் ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவான். அந்த நாவலை அனுமதியில்லாமல் எடுத்தாண்டதால் ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார். பிரதிகளை அழிக்கச் சொன்னது நீதிமன்றம். தப்பிப் பிழைத்தவற்றைத்தான் பார்க்கிறோம். எந்தப் பிரதி என்று விசாரிக்காமல் பழைய படத்தைத் திட்டாதீர்கள்.

கே: பிராங்கென்ஸ்டைன் கழுத்தில் ஏன் ஆணி?

ப: பிராங்கென்ஸ்டைன் விஞ்ஞானி, அவர் கழுத்து நன்றாக இருக்கிறது. அவர் படைத்த பூதத்துக்குப் பெயர் கிடையாது. அதன் கழுத்தில் இருப்பவை மின்சாரம் பாய்ச்சும் முனைகள்.

கே: 1931 படத்தில் பிராங்கென்ஸ்டைன் அந்தச் சிறுமியை என்ன செய்தது?

ப: பூதம் என்று திருத்திக்கொண்டு பதில் சொல்கிறேன். சிறுமியும் அதுவும் ஏரியில் பூக்களை எறிந்து மிதக்கவிடுகிறார்கள். பூ தீர்ந்துவிடுகிறது. இவளும் மிதப்பாள் என்று நினைத்து அவளைத் தூக்கிப் போடுகிறது. அவள் மூழ்கியதும் பூதமாக நடித்த போரிஸ் கார்லாஃபின் கைகள் தவிப்பதைக் கவனியுங்கள். தணிக்கைக்காரர்கள் பூதம் கையை நீட்டும் இடத்தோடு வெட்டினார்கள். அடுத்து தகப்பன் பிணத்தோடு வருகிறான். இடையில் நடந்ததாக ரசிகர்கள் இன்னும் கொடூரமாகக் கற்பனை செய்துகொண்டார்கள். 1980களில்தான் அந்தத் துண்டு திரும்பச் சேர்ந்தது. மறுபடியும் சொல்கிறேன், எந்தப் பிரதி என்று பாருங்கள்.

கே: 1931 டிராகுலா பார்த்துத் தூங்கிவிட்டேன்.

ப: பாதி நியாயம். கோட்டைக் காட்சிகள் அபாரம். லண்டன் வந்ததும் மேடை நாடகம். பின்னணி இசையும் கிட்டத்தட்ட இல்லை. அந்த மௌனம் எனக்குப் பிடிக்கும்.

கே: அந்த ஆங்கிலப் படத்தின் அரங்குகளிலேயே இரவில் எடுத்த ஸ்பானிஷ் மொழி டிராகுலாதான் சிறந்தது என்கிறேன்.

ப: கேமரா அதில் இன்னும் துணிச்சலாக நகர்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆங்கிலக் குழு பகலில் எடுத்ததைப் பார்த்துவிட்டு வேலை செய்தார்கள். மேம்படுத்த வசதி இருந்தது. ஆனால் டிராகுலா யார்? கார்லோஸ் வில்லாரியாஸ் கண்ணை உருட்டுகிறார். ஆங்கிலப் படத்தின் பெலா லுகோசி சும்மா நின்றாலே போதும்.

கே: என் வீட்டு மாடியில் இரவில் காலடிச் சத்தம் கேட்கிறது.

ப: எலிப்பொறி வையுங்கள். இங்கே படங்கள் மட்டும்.

கே: லுகோசியின் நடிப்பு மேடைத்தனம் இல்லையா? (ஸ்பானிஷ் டிராகுலா ரசிகர்)

ப: 1927 முதல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் அதே வேடம் போட்டவர், மேடைத்தனம் இருக்கத்தான் செய்யும். செத்து நூற்றாண்டுகள் ஆன பிரபு பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிப் பேச வேண்டுமா?

கே: காட்ஸில்லா ரப்பர் உடை சிரிப்பாக இருக்கிறதே?

ப: 1954 ஜப்பானிய மூலமா, அமெரிக்க நடிகர் ஒருவரின் காட்சிகளைச் செருகிய 1956 பிரதியா? மூலத்தில் முதலில் அழிவது ஒரு கப்பல். அந்த ஆண்டு மார்ச்சில்தான் பசிபிக்கில் உள்ள பிகினி தீவில் அமெரிக்கா வெடித்துச் சோதித்த ஹைட்ரஜன் குண்டின் கதிரியக்கச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. அன்று தியேட்டரில் இருந்தவர்களுக்கு அது சிரிப்பு மூட்டும் விஷயமல்ல.

கே: பிராங்கென்ஸ்டைன் ஏன் பச்சை நிறம்?

ப: பிராங்கென்ஸ்டைன் யார் என்று முன்பே சொன்னேன், திரும்பிப் படியுங்கள்.

கே: ஸ்பானிஷ் படத்தில் கதையாவது முழுதாக இருக்கிறது!

ப: அரை மணி நேரம் கூடுதலாக ஓடினால் இருக்காதா? ஒரே இரவில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், ஆங்கிலம் முதலில். பிறகு சண்டைக்கு வாருங்கள்.