பாதிப் பங்கு என்றால் பாதிப் பணமா?

கேள்வி: நானும் நண்பர் ஒருவரும் திருப்பூரில் ஆறு வருஷமாகச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்தினோம். பத்திரத்தில் லாப நஷ்டம் ஆளுக்குப் பாதி. நான் போட்ட முதல் 8 லட்சம், அவர் போட்டது 4 லட்சம். இரண்டு வருஷத்துக்கு முன் பணம் முடைப்பட்டபோது நான் தனியாக 2 லட்சம் கடனாகக் கொடுத்தேன். இப்போது இருவரும் பேசி மூடிவிட்டோம். மெஷின், சரக்கு விற்றது, பாக்கி வசூலித்தது எல்லாம் சேர்த்துக் கையில் 14 லட்சம். வெளியாருக்கு 5 லட்சம் போக, மீதி 9 லட்சத்தை ஆளுக்கு நாலரையாகப் பிரிக்கலாம் என்கிறார். தினமும் கம்பெனியில் நின்று பார்த்துக்கொண்டது அவர்தான் என்பதும் உண்மை. ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) நகலை இணைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?
- வாசகர், திருப்பூர்

பதில்: நாலரை லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உங்கள் கணக்குப்படி உங்களுக்கு வரவேண்டியது ஏழரை லட்சம். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை, நிறையப் பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பத்திரத்தில் பாதி என்று எழுதியது லாபத்தையும் நஷ்டத்தையும்தான், போட்ட முதலை இல்லை.

1932-ஆம் வருஷத்துப் பங்காண்மைச் சட்டத்தின் 48-ஆவது பிரிவு இதற்கு ஒரு வரிசை சொல்கிறது. பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாதவரை அதுதான் முறை. முதலில் வெளியார் கடன், அடுத்து பங்குதாரர் முதலுக்கு மேல் கொடுத்த கடன், அப்புறம் அவரவர் முதல், அதற்கும் மேல் மிஞ்சினால்தான் லாப விகிதத்தில் பங்கு.

நீங்கள் அனுப்பிய ஐந்தொகையில் மெஷின் 9 லட்சம், சரக்கு 4 லட்சம், வரவேண்டிய பாக்கி 6 லட்சம், ஆக 19 லட்சம். கைக்கு வந்தது 14. நஷ்டம் 5 லட்சம், ஆளுக்கு இரண்டரை. அதை அவரவர் போட்ட முதலிலிருந்து கழித்தால் உங்களுக்கு ஐந்தரை, அவருக்கு ஒன்றரை. 14 லட்சத்தில் வெளியாருக்கு 5, உங்கள் கடன் 2 போனால் மிச்சம் 7, அந்த ஐந்தரையும் ஒன்றரையும் சேர்ந்தது சரியாக அந்த 7. ஐந்தரையோடு உங்கள் கடன் 2 சேர்ந்ததுதான் நான் சொன்ன ஏழரை. நாலரை வாங்கிக்கொண்டால் அவருடைய நஷ்டத்தையும் சேர்த்து நீங்களே சுமந்து, அதற்கு மேல் இன்னும் 50 ஆயிரம் அவருக்குக் கொடுத்ததாக ஆகிவிடும். நஷ்டம் 10 லட்சமாகியிருந்தால் அவர் கணக்கு ஒரு லட்சம் குறைவில் நிற்கும், அதை அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்து கட்டவேண்டியிருக்கும்.

கடனுக்கு வட்டி பேசாமல் விட்டிருந்தால் வருஷத்துக்கு 6 சதவீதம் கேட்க உரிமை உண்டு. இரண்டு வருஷத்துக்கு 24 ஆயிரம். ஆனால் அதுவும் கம்பெனி செலவுதான், பாதி உங்கள் தலையிலேயே விழும், ஆகவே கூடுதலாகக் கிடைப்பது 12 ஆயிரம். அந்த 2 லட்சம் பேரேட்டில் (லெட்ஜரில்) கடன் என்று ஏறியிருக்கிறதா, முதலோடு சேர்த்து எழுதிவிட்டார்களா என்று இன்றைக்கே பாருங்கள்.

அவர் தினமும் வந்து நின்றதைப் பற்றி. சம்பளம் உண்டு என்று உங்களுக்குள் ஒப்பந்தம் இல்லாவிட்டால் சட்டப்படி உழைப்புக்குத் தனியாகக் கேட்க முடியாது. அதற்காக ஒன்றுமே இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடாதீர்கள். ஆறு வருஷம் காலை முதல் இரவு வரை நின்ற மனிதர். மனசுக்குத் தோன்றினால் உங்கள் பங்கிலிருந்து ஒரு தொகை கொடுங்கள், ஆனால் கணக்கைச் சரியாக முடித்து, இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு, தனியாகக் கொடுங்கள். இரண்டையும் கலந்தால் நாளைக்கு எது கணக்கு, எது அன்பு என்று யாருக்கும் தெரியாது.

மூடிய விஷயத்தை ஊருக்கு அறிவிக்காமல் விடாதீர்கள். அறிவிக்கிறவரை உங்களில் ஒருவர் கம்பெனி பேரில் வாங்கும் கடனுக்கு மற்றவரும் பொறுப்பு. பதிவு செய்த கம்பெனி என்றால் பதிவாளருக்குத் தகவல், அரசிதழில் அறிவிப்பு, உங்கள் மாவட்டத்தில் ஓடும் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் விளம்பரம், மூன்றும் வேண்டும். ஜிஎஸ்டி பதிவு ரத்தானதும் கடைசி ரிட்டர்னுக்கு மூன்று மாதம்தான் அவகாசம்.

நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கணக்குக் கேட்டு வழக்குப் போடலாம், கலைத்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள். பதிவு செய்யாத கம்பெனியாக இருந்தாலும் இந்த வழக்குக்குத் தடையில்லை. அதற்கு முன்னால் இந்த வாரமே பேரேட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், மேலே எழுதிய கணக்கை அவர் கையாலேயே ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.