சாக்லேட் கட்டி திரும்ப வந்தால் மறுபடியும் ஆபரேஷனா?

கேள்வி: எனக்கு வயது 32. ஏற்காட்டில் எஸ்டேட்டில் இருக்கிறோம். மூன்று வருடம் முன்பு இடது சினைப்பையிலிருந்த சாக்லேட் கட்டியை லேப்ராஸ்கோப்பியில் எடுத்தார்கள். இப்போது அதே பக்கம் 4 செ.மீ. கட்டி. இன்னும் குழந்தை இல்லை. மறுபடி ஆபரேஷன் செய்தால்தான் கரு தங்கும் என்கிறார்கள். மாதவிலக்கு நாளில் மலையிறங்கி சேலம் வருவதே பெரும்பாடு. என்ன செய்யட்டும்?

பதில்: குழந்தைக்காக மட்டும் என்றால் அவசரப்படாதீர்கள். கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். அது சினைப்பையில் வளர்ந்து, பழைய ரத்தம் தேங்கினால் அதுவே சாக்லேட் கட்டி. இது திரும்பத் திரும்ப வரும் நோய். ஆபரேஷனுக்குப் பின் ஐந்து வருடத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வந்துவிடுகிறது. உங்கள் மீதோ முதலில் எடுத்த மருத்துவர் மீதோ பழி இல்லை.

இந்தக் கட்டியின் உறை சினைப்பையோடு ஒட்டியே இருக்கும். அதை உரித்தெடுக்கும்போது கருமுட்டைகள் உள்ள நல்ல திசுவும் கொஞ்சம் சேர்ந்து வந்துவிடும். ரத்தத்தை நிறுத்தச் சூடு வைத்தால் இன்னும் கொஞ்சம் போகும். சினைப்பை புதிதாக முட்டை உண்டாக்காது. முதல் ஆபரேஷனால் இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுவதுண்டு. இரண்டாவதில் அந்த லாபம் குறைவு, முட்டை இழப்பு அதிகம். முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கும் ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை) செய்வதானாலும், கட்டியை முன்னதாக எடுப்பதால் வெற்றி கூடுவதில்லை.

முதலில், முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். எந்த நாளிலும் எடுக்கலாம், வலி நாளில் மலையிறங்க வேண்டாம். ஸ்கேனில் சினைப்பைக்குள் முட்டை வளரும் சிறு பைகளை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். கருக்குழாய் அடைப்பு இருக்கிறதா என்றும் தெரிய வேண்டும். கணவருக்கு விந்துப் பரிசோதனை கட்டாயம். மனைவிக்கு ஆபரேஷன் தேதி குறித்த பிறகும் கணவரின் பரிசோதனை நடக்காத வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. முட்டை இருப்பு குறைவென்றால், காலம் கடத்தாமல் ஐ.வி.எஃப். பற்றிப் பேசிவிடுங்கள்.

மாத்திரைக்கு அடங்காத வலி, ஸ்கேனில் புற்றுநோயோ என்று சந்தேகப்படும்படியான கட்டி, ஐ.வி.எஃப்.பில் முட்டை எடுக்கும் ஊசிக்கு வழிவிடாத கட்டி, இவற்றுக்கு ஆபரேஷன் தேவைப்படலாம். அப்படியானால் முன்கூட்டியே கருமுட்டையைச் சேமித்து உறைய வைக்க முடியுமா என்று கேளுங்கள். எண்டோமெட்ரியோசிஸ் ஆபரேஷனில் நல்ல அனுபவமுள்ளவரே செய்யட்டும். டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை வலியைக் குறைக்கும். ஆனால் அது முட்டை வெளிவருவதைத் தடுப்பதால், குழந்தைக்கு முயலும் மாதங்களில் வேண்டாம்.

திடீரென்று அடிவயிற்றில் தாங்க முடியாத வலி, கூடவே வாந்தியோ காய்ச்சலோ வந்தால் கட்டி வெடித்திருக்கலாம், சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். இரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்துக் கீழே வந்துவிடுங்கள்.