எல்லையோரக் கேள்வி பதில்: பாண்டி, அரவம், சீன், இன்னும் சில

யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதைப் பற்றி வந்த கடிதங்கள் மேஜையில் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்த இதழ் முழுக்க அதற்கே.

என் மகன் பாலக்காட்டில் பிளஸ் ஒன் படிக்கிறான். வகுப்பில் எல்லோரும் அவனை ‘பாண்டி’ என்றுதான் கூப்பிடுகிறார்களாம். அவன் சிரித்துக்கொண்டே சொல்கிறான். வீட்டுக்காரரோ பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சண்டை போடுவேன் என்கிறார். இது திட்டா, செல்லப்பெயரா?
ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

பழைய மலையாளத்தில் பாண்டி என்றால் மலைக்குக் கிழக்கே இருக்கிற பாண்டிய நாடு, அவ்வளவுதான். திருச்சூர் பூரத்தன்று வடக்குநாதன் கோயில் இலஞ்சி மரத்தடியில் செண்டைக்காரர்கள் வேர்த்து விறுவிறுத்துக் கொட்டுகிறார்களே, அதற்குக்கூட பாண்டி மேளம் என்றுதான் பேர். ஆனால் இந்தச் சரித்திரத்தை எடுத்து வைத்து ‘இதில் என்ன தப்பு’ என்று யாராவது கேட்டால் மசிந்துவிடாதீர்கள். கூலி வேலைக்குப் போனவனையும் லாரி ஓட்டிப் போனவனையும் கறுத்த நிறத்தையும் பளபளா சட்டையையும் பார்த்துப் பார்த்து ‘பாண்டி’ என்று சொன்னதில் அந்தச் சொல்லோடு ஒரு முகச்சுளிப்பு ஒட்டிக்கொண்டு பல காலம் ஆகிவிட்டது, அதைக் கேரளத்துக்காரர்களில் நியாயம் தெரிந்தவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

மைதானத்தில் ‘பாண்டீ, பந்தைப் போடுடா’ என்பது ஒரு ரகம், பரீட்சைத் தாள் கொடுக்கும்போது ‘பாண்டிக்கு இவ்வளவு மார்க்கா’ என்பது வேறு ரகம். எது நடக்கிறது என்று பையனைக் கேளுங்கள். சிரிக்கிறான் என்பதை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள், தனியாக நிற்பதைவிடச் சேர்ந்து சிரிப்பது மேல் என்று நினைக்கிற வயசு அது. ஒருநாள் சண்டை இல்லாமல், ‘இனிமேல் என் பேரைச் சொல்லுடா’ என்று அவனே சொல்லிப் பார்க்கட்டும். கூட்டாளியாக இருப்பவன் நாலு தடவை மறந்துபோய்க் கூப்பிட்டு, நாக்கைக் கடித்து, அப்புறம் பேருக்கு வந்துவிடுவான். சொன்ன பிறகு வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டுகிறவன் யாரென்று அப்போது தெரியும், அவனுக்காக வேண்டுமானால் வீட்டுக்காரர் போகட்டும். வாத்தியாரே அப்படிக் கூப்பிடுகிறார் என்றால் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே இரண்டு பேருமாகப் போங்கள்.

நகரியில் தறி ஓட்டும் குடும்பம் எங்களுடையது. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்கள் எங்களை ‘அரவவாள்ளு’ என்கிறார்கள். அரவம் என்றால் பாம்புதானே?

நம் தமிழில் பாம்பு. அவர்கள் தெலுங்கில் அரவம் என்றால் தமிழ், அரவவாள்ளு என்றால் தமிழ்க்காரர்கள். கோபம் வந்தால் அதையே பல்லைக் கடித்துக்கொண்டும் சொல்வார்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை.

சரி, கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் அவர்களை என்ன சொல்கிறீர்கள்? ‘கொல்டி’யா? தெலுங்கு என்பதைத் தலைகீழாகப் புரட்டிச் செய்த கேலி என்றுதான் ஊரெல்லாம் சொல்கிறது. பாண்டிக்காவது ஒரு ராஜ்ஜியம் இருந்தது, இதற்கு அந்தச் சாக்கும் கிடையாது. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, நகரி ஆந்திரத்திலேயே நின்றது, ஆனாலும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நின்றுவிடவில்லையே. நாளைக்குச் சம்பந்தி வீட்டுப் பந்தியில் வாய் தவறி அந்தச் சொல் வந்து விழுந்தால் நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

கொச்சியில் வேலை பார்க்கிற கோயம்புத்தூர்ப் பெண் நான். டீம் கூட்டம் முடிந்ததும் கூட வேலை செய்கிற மலையாளி என்னிடம் ‘ஆகெ சீன் ஆயல்லோ’ என்றார். நானா சீன் போட்டேன்? ஒரு வாரமாக அவரோடு பேசவில்லை.

பேசிவிடுங்கள், பாவம். நம்மூரில் சீன் போடுவது என்றால் பந்தா. அங்கே சீன் ஆயி என்றால் வம்பாகிவிட்டது, சிக்கல். ‘எல்லாம் கெட்டுப்போச்சே’ என்று உங்களுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார் மனிதர். இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன்: ‘அவள் என்னைத் தேச்சிட்டுப் போயி’ என்று யாராவது கண்ணைக் கசக்கினால் காதலில் கைவிட்டுவிட்டாள் என்று அர்த்தம். அப்படி விட்டுப்போனவளுக்குத் தேப்புப்பெட்டி, அதாவது இஸ்திரிப்பெட்டி, என்று பட்டமே உண்டு. இவன் விட்டுவிட்டுப் போனால் மட்டும் ‘செட் ஆகவில்லை’ என்று நாசூக்காக முடித்துக்கொள்வார்கள், அதைக் கேட்டால் எனக்கே எரிச்சல் வருகிறது.

கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறேன். ஒரே வேலைக்கு ஆண்களுக்கு ஏன் கூலி அதிகம் என்று கேட்டேன். மேஸ்திரி ‘ஓ, இவள் ஃபெமினிச்சி’ என்றார், எல்லோரும் சிரித்தார்கள். அப்படியென்றால் என்ன?

பெண்ணுரிமை பேசுகிறவளைக் கிண்டல் செய்வதற்கென்று மலையாளத்தில் உண்டாக்கின சொல். ஃபெமினிஸ்ட் என்பதன் வாலில் ஒரு ‘ச்சி’, பாண்டிச்சி என்பதில் இருக்கிற அதே ‘ச்சி’. கேரளத்திலேயே பல பெண்கள் ‘ஆமாம், ஃபெமினிச்சிதான், இப்போ என்ன’ என்று அதை எடுத்து மாட்டிக்கொண்டுவிட்டார்கள், அதனால் கிண்டலில் பாதிச் சாரம் போய்விட்டது. உங்களுக்கு அது பிடிக்காவிட்டால் மாட்டிக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை.

மேஸ்திரியின் சாமர்த்தியத்தைக் கவனித்தீர்களா? கேள்வி கூலியைப் பற்றி, பதில் உங்களைப் பற்றி. சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976லேயே சட்டம் போட்டாயிற்று. 2015இல் மூணாறு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு 20 சதவீத போனஸ் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தார்களே, அவர்கள் அமைப்புக்கு ‘பெம்பிளை ஒருமை’, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பேர். அடுத்த தடவை மேஸ்திரி சிரித்தால், சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, ‘சரி, கூலி விஷயம் என்னாச்சு?’ என்று மறுபடி கேளுங்கள்.

நான் 1979இல் பிறந்தவன். என் மகள் என்னைப் பூமர் என்கிறாள். கணக்கே தப்பாக இருக்கிறதே?

தப்புதான். அமெரிக்காவில் 1946 முதல் 1964 வரை பிறந்தவர்களுக்கு வைத்த பேர் அது. இதை ஆதாரத்தோடு மகளிடம் விளக்கிப் பாருங்கள், விளக்கி முடிப்பதற்குள் இன்னொரு தடவை சொல்வாள்.

செங்கோட்டைக்காரன், புனலூரில் காய்கறிக் கடை. வயசு 24. அறுபது வயசு ஆட்களும் என்னை ‘அண்ணாச்சி’ என்கிறார்கள். கோபப்படலாமா?

தமிழ்நாட்டிலிருந்து வந்து கடை போட்டவர் எல்லோரும் அங்கே அண்ணாச்சிதான், வயசு பார்க்கமாட்டார்கள். மரியாதையாகவே எடுத்துக்கொண்டு வியாபாரத்தைப் பாருங்கள் தம்பி. ‘அண்ணாச்சி, இதைப் பற்றில் எழுதிக்கோ’ என்று கடனுக்கு வரும்போது மட்டும் கொஞ்சம் காது கேட்காத மாதிரி இருந்துவிடுங்கள்.