ஏஜக்ஸில் வீடு: இப்போதே வாங்குவதா, பொறுப்பதா?

கேள்வி: ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம், இரண்டு பிள்ளைகள். ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏஜக்ஸில் ஒரு செமி வீடு (பக்கத்து வீட்டோடு ஒரு சுவர் பொதுவானது) பார்த்திருக்கிறோம், 7.2 லட்சம் டொலர் கேட்கிறார்கள். கையில் ஒரு லட்சம் உண்டு. கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டால் சமாளிக்கலாம் என்று கணவர் சொல்கிறார். அண்ணா "இன்னும் விழும், பொறு" என்கிறார். ஏஜென்ட்டோ "இதுதான் அடிமட்டம்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? — ஸ்காபரோ வாசகி

பதில்: தங்கச்சி, அடிமட்டம் எது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. 2022 பெப்ரவரியில் ரொறன்ரோ பெரும்பாகத்தில், அதாவது நகரமும் சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்த பகுதியில், சராசரி வீட்டு விலை 13.3 லட்சம் டொலர், 2025இல் அது 11 லட்சத்துக்கும் கீழே. இதற்கு முன் 1989இல் உச்சத்தைத் தொட்ட சராசரி விலை 1996 வரை இறங்கி, பழைய இடத்துக்குத் திரும்ப 2002 ஆயிற்று. அந்தப் பதின்மூன்று வருடமும் அதே வீட்டில் இருந்து, மாதாமாதம் கட்ட முடிந்தவர்களை அது பெரிதாக ஆட்டவில்லை. நடுவில் வேலை போய் விற்க வேண்டி வந்தவர்கள்தான் நொந்துபோனார்கள். அதனால் விலை விழுமா என்பதை விடுங்கள், பத்து வருடம் அங்கே இருப்பீர்களா, ஒரு சம்பளம் ஆறு மாதம் நின்றாலும் தாங்குவீர்களா என்று பாருங்கள்.

கணக்கைப் போட்டுவிடுவோம். 80,000 முன்பணம் கட்டினால் மிச்சம் 6.4 லட்சம், முன்பணம் 20 சதவீதத்துக்குக் குறைவு என்பதால் அதோடு மோட்கேஜ் (வீட்டுக் கடன்) காப்புறுதிக் கட்டணமும் சேரும். 4 சதவீத வட்டி, 30 வருடம் என்றால் மாதம் ஏறக்குறைய 3,150 டொலர், வீட்டு வரி, ஹைட்ரோ (மின்சாரம்), காஸ் எல்லாம் அதற்கு மேலே. வங்கி உங்களை 6 சதவீதத்தில் கட்ட முடியுமா என்று சோதித்துத்தான் கடன் தரும், ஆனால் உங்கள் வீட்டுச் சாப்பாட்டுச் செலவும் ஊருக்கு அனுப்பும் காசும் வங்கியின் கணக்கில் வராது. முதல் வீடு என்பதால் 4,000 டொலர் கழிவு போக, வீடு வாங்கும்போது கட்டும் ஒன்ராறியோ மாகாண நிலமாற்று வரி 6,875 வரும். ஸ்காபரோ ரொறன்ரோ நகரத்துக்குள் இருப்பதால் அங்கே வாங்கினால் நகரத்தின் நிலமாற்று வரியும் வேறு கட்ட வேண்டும், ஏஜக்ஸில் அது இல்லை. சட்டத்தரணி, இன்ஸ்பெக்ஷன், குடிபோகும் செலவு எல்லாம் போக உங்கள் லட்சத்தில் அவசரத்துக்கென்று மிஞ்சுவது கொஞ்சம்தான், எனக்குக் கவலையெல்லாம் அந்த இடத்தில்தான்.

கணவரிடம் சொல்லுங்கள், பேஸ்மென்ட் வாடகை வந்தால் நல்லது, ஆனால் அது வந்தால்தான் மோட்கேஜ் கட்டலாம் என்றால் இந்த வீடு வேண்டாம். 2024இல் வெளிநாட்டு மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வந்த பிறகு வாடகையும் இறங்கியிருக்கிறது. கீழே இரண்டாவது குடியிருப்பு நகரசபையில் பதிவானதா என்று எழுத்தில் கேளுங்கள். பதிவில்லாமல் ஆள் வைத்து ஏதாவது நடந்தால் காப்புறுதிக்காரர் கைவிரிக்க வாய்ப்புண்டு.

அந்த வாடகை இல்லாமலும் கட்டலாம் என்றால், சரி, வாங்குங்கள். சந்தை விழும்போது பேரம் பேசும் பலம் வாங்குகிறவர் கையில் இருக்கிறது, ஆனால் நம் சனங்களில் பலர் 2021இல் பழகிய அவசரத்தை இன்னும் விடவில்லை. அப்போது போட்டியில் ஜெயிக்க இன்ஸ்பெக்ஷன் கூட வேண்டாம் என்று கையெழுத்து வைத்தார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கடன் கிடைத்தால், இன்ஸ்பெக்ஷன் சரியென்றால் என்று இரண்டு நிபந்தனையும் ஒஃபரில் இருக்கட்டும். வங்கியின் மதிப்பீடு நீங்கள் ஒத்துக்கொண்ட விலைக்குக் கீழே வந்தால் வித்தியாசத்தைக் கையிலிருந்து போட வேண்டும், கடன் நிபந்தனை இருந்தால்தான் அதிலிருந்து தப்பலாம்.

இன்ஸ்பெக்டரோடு நீங்களும் கீழே இறங்குங்கள். பேஸ்மென்ட் சுவரின் அடியில் ஒரு அடி உயரத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் தண்ணீர் வந்ததா என்று கேளுங்கள். சுடுதண்ணீர்த் தொட்டியில் வாடகைக் கம்பனியின் ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அந்த ஒப்பந்தமும் உங்கள் தலையில் விழக்கூடும்.

விலையைப் பொறுத்தவரை 7.2 லட்சம் என்பது அவர்களின் ஆசை. அதே வட்டாரத்தில் கடந்த மூன்று மாதத்தில் விற்ற செமி வீடுகளின் விலையை ஏஜென்ட்டிடம் வாங்கி, அதில் மிகக் குறைந்ததிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். மாட்டேன் என்றால் விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள், ஏஜக்ஸில் வேறு செமி வீடுகளும் விற்பனைக்கு வரும்.